நாலு முப்பத்தெட்டு இன்ஜின்

எங்கள் ஓபர்பாக் ஸ்டேஷனோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஐஃபெல் மலைக்காடும் மாடுகளும்தான். முதல் வண்டி காலை ஐந்து பதினான்குக்குக் கீழே இறங்க வேண்டும் என்பதால் டீசல் ரயில்கார் ராத்திரி முழுக்க இங்கேயே நிற்கும். அதை எழுப்புவது என் வேலை. பதினோரு வருடமாக எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

காரில் சாவியைத் திருகுவது போல என்று நினைத்துவிடாதீர்கள். ரயில்காருக்குத் தனி இன்ஜின் பெட்டி கிடையாது. பயணிகள் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிற தரைக்கு அடியில், லாரியில் இருப்பது மாதிரி இரண்டு டீசல் இன்ஜின்கள் படுத்துக் கிடக்கும். ராத்திரி குளிரில் அவற்றைச் சுற்றி ஓடும் தண்ணீர் சில்லிட்டுப் போயிருக்கும். அது சூடாகாமல் பாரம் இழுக்கவிட்டால் இன்ஜின் சீக்கிரம் கெட்டுவிடும். பெட்டிக்குள் கணப்பும் அதே தண்ணீரில்தான். பிரேக்குக்கு வேண்டிய காற்று ராத்திரியோடு ராத்திரியாகக் கசிந்து போயிருக்கும். இன்ஜின் ஓடினால்தான் காற்று ஏறும், காற்று ஏறினால்தான் நிறுத்தி வைத்த பிரேக்கே விடும். இதற்கெல்லாம் முப்பத்தாறு நிமிடம் என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதனால் நாலு முப்பத்தெட்டுக்கு நான் பொத்தானை அமுக்குவேன். முதல் இரண்டு நிமிடம் அது இருமி, கருப்பாகப் புகை விட்டு, ஊரையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் நிதானத்துக்கு வரும்.

தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து இருபத்தெட்டு மீட்டரில் ஹெர் லெனார்ட்ஸின் வீடு. இருபத்தெட்டு என்பது நான் அளந்ததல்ல, அவர் அளந்தது. நில அளவை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளக்காமல் இருப்பாரா? இந்த ரயில்கார் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் மாதத்திலிருந்தே கம்பெனிக்கும், மாவட்ட ஆபீசுக்கும், சுற்றுச்சூழல் துறைக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு. நான் வேலையில் சேர்ந்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எனக்கும் கொடுப்பார். "தெரிஞ்சுக்கணும்னுதான், ஃப்ராவ் தேலன். உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் கெடையாது" என்பார்.

எனக்கு அவர் மேல் தனிப்பட்ட கோபம் நிறையவே இருந்தது. நான் இன்ஜினைப் போட்ட இரண்டாவது நிமிடம் அவர் வீட்டு மாடி ஜன்னலில் விளக்கு எரியும், அவருடைய நிழல் குறுக்கே நடக்கும். ஒரு நாள் தவறாது. ஒரு ஆள் வருடக்கணக்கில் தினமும் விடியற்காலையில் விளக்கைப் போட்டு என்னைக் குற்றம் சொல்லலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன செப்டம்பரில், பிற்பகல் வண்டியை நிறுத்திவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிளாட்பாரத்தில் அவர் வந்து நின்றார். கையில் உறை இல்லை. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"சண்டைக்கு வரல, ஃப்ராவ் தேலன். ஒண்ணு கேக்க வந்தேன்."

"கேளுங்க."

"ஹெட்விக்கை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

ஹெட்விக் அவர் மனைவி. தேவாலயப் பாடல் குழுவில் நாற்பது வருடம் பாடியவள். நுரையீரல் கெட்டு, கடைசியாக அவள் பாடியது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. "நல்லதாப் போச்சு" என்று சொல்லித் தொலைத்தேன்.

"இல்ல. இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. அவளுக்கு ஒரே ஆசைதான். தன் கட்டில்ல, தன் வீட்டுல போகணும். மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடாதேன்னு என் கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா." அவர் ரயில்காரைப் பார்த்தார். "ராத்திரி பூரா மூச்சுக்கு அல்லாடுறா. விடியறப்பதான் கொஞ்சம் கண்ண மூடுறா. அந்த நேரம் பாத்து இது ஆரம்பிக்குது. வண்டி கெளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மட்டும் போட்டா ஆகாதா?"

ஆகாது என்று சொன்னேன். தண்ணீர், காற்று, பிரேக் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாக இதையெல்லாம் அவருக்கு விளக்குகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு பிளாட்பாரத்தின் கோடியில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அந்தப் பெட்டியின் கதை இதுதான். டீசலை ஒழித்துவிட்டு பேட்டரி ரயில் விடப்போகிறார்கள். அடுத்த டிசம்பரில். மூன்று வருடமாக அடுத்த டிசம்பரில்தான். அது ராத்திரி சார்ஜ் ஏற இங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் மின்கம்பமும் வேண்டும். அந்தத் திட்டத்தோடு சேர்த்து, அதுவரை டீசல் வண்டிக்கு உதவட்டும் என்று ஒரு பிளக் பெட்டியும் வைத்தார்கள். ரயில்காரின் கேபிளை அதில் சொருகினால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் சூடாக இருக்கும், சின்ன மின்சார பம்ப் காற்றையும் ஏற்றி வைக்கும். விடிந்தால் இன்ஜினை அரை மணி நேரம் உறுமவிட வேண்டியதில்லை. பெட்டி வந்து இரண்டு வருடம் ஆயிற்று. அன்றுவரை அதன் மேல் சிவப்பு சீல். காரணம், டிரான்ஸ்ஃபார்மர் ராத்திரியில் ரீங்காரமிடும் என்று ஊரில் ஒருவர் ஆட்சேபம் எழுதி நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். எல்லாம் ஒரே ஃபைல். ஆட்சேபம் தீரும்வரை பெட்டியும் கிடப்பில். எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

"நான் வாபஸ் வாங்கிட்டேன்" என்றார் ஹெர் லெனார்ட்ஸ், நான் கேட்காமலே. "ஐம்பத்தெட்டாம் நம்பர் கடிதம். மத்த நாப்பத்திரண்டு பேரும் வாங்கணுமாம். வீடு வீடாப் போயிட்டு வந்தேன். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஒம்பது பேர் ஊர விட்டே போயிட்டாங்க."

"மிச்சம் ரெண்டு பேரு?"

"செத்துட்டாங்க. வாரிசுங்க எழுதித் தரணுமாம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரொட்டியை உறையில் சுற்றி வைத்தேன். ஆள் செத்தும் ஆட்சேபம் உயிரோடு இருக்கிறது. எங்கள் நாட்டில்தான் இது நடக்கும்.

அன்றிலிருந்து நாலு முப்பத்தெட்டு எனக்குத் தண்டனை ஆகிவிட்டது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அந்த ஜன்னலைப் பார்ப்பேன். இப்போதுதான் கண்ணை மூடியிருப்பாள் என்று நினைப்பேன். அமுக்குவேன். வேறு என்ன செய்ய? எனக்கும் முதல் வண்டிக்கு ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்கள், ரொட்டிக் கடையைத் திறக்கிறவள். வண்டியை வேறு எங்காவது நிறுத்தலாமா என்று ஆபீசில் கேட்டேன். எழுநூறு மீட்டர் கீழே மர அறுவை ஆலை இருக்கிறது, அங்கே வீடே இல்லை. அங்கே ராத்திரி நிறுத்த அனுமதி கிடையாது என்று பதில் வந்தது.

அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை, மெக்கானிக் உடோ எண்ணெய் பார்க்க வந்தான். அவனிடம் புலம்பினேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பொட்டியில கரண்ட் வருதா?"

"வருதுன்னுதான் சொல்றாங்க. கையெழுத்துதான் வரல."

"கரண்டுக்குக் கையெழுத்து தெரியாதே, மரிதா."

"சீல் இருக்குடா."

"சீல் பிளாஸ்டிக்கு." வெளியே வந்து கையைத் துடைத்தான். "ராத்திரி சொருகி வச்சா காலையில தண்ணி எழுபது டிகிரி, காத்து ஃபுல்லு. பிரேக்க விட்டா வண்டி தானா எறங்கும், ஆலை வரைக்கும் சரிவுதான். அங்க போய் இன்ஜினப் போட்டுக்க. ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. ஆனா நான் ஒண்ணும் சொல்லல. நான் எண்ணெய்தான் பாத்தேன்."

நான் ரூல் புத்தகத்தை மீறினவள் இல்லை. இன்ஜின் அணைந்த நிலையில் பயணிகளோடு வண்டியை உருட்டுவது என்றால் லைசென்ஸ் பறிபோகும். ஆனால் அன்று சாயங்காலம் கடைசி வண்டி வந்து நின்ற பிறகு, நாயை நடத்திக்கொண்டு போகிறவள் மாதிரி ஸ்டேஷனுக்குப் போனேன். சீலை வெட்டினேன். கேபிளைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. என் நாய் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை காலை நாலு முப்பத்தெட்டுக்கு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் கதகதப்பு, காற்றின் முள் உச்சியில். மாடி ஜன்னலில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, என்ன காரணமோ. ஐந்து பதினான்குக்குக் கதவை மூடி, பிரேக்கை மெதுவாக விட்டேன். ஐம்பது டன் வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. தண்டவாளத்தில் சக்கரம் உருளும் ஒலி மட்டும்.

"என்ன மரிதா, பேட்டரி ரயில் வந்துடுச்சா? எங்களுக்கு யாரும் சொல்லலியே!" என்று ரொட்டிக் கடைக்காரி பின்னாலிருந்து கத்தினாள்.

"ஆமா, உனக்குத்தான் மொதல்ல காட்டணும்னு" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அன்று பிற்பகல் ஹெர் லெனார்ட்ஸ் ஒரு தட்டில் பிளம் கேக்கோடு பிளாட்பாரத்தில் நின்றார். பதினோரு வருடத்தில் அவர் எனக்குச் சாப்பிட எதுவும் கொடுத்ததில்லை.

"மூணு மணிலேர்ந்து இருமல், ரெண்டு பேருமே தூங்கல. அஞ்சு மணி மருந்தக் குடுத்தேன். அப்புறம் பாத்தா ஏழரை வரைக்கும் தூங்குறா, ஃப்ராவ் தேலன்! ஏழரை வரைக்கும்! நானே பயந்துபோய் மூக்குல கை வச்சுப் பாத்தேன்." கண் கலங்கி இருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "மத்தியானத் தபால்ல இது வேற வந்துடுச்சு. அறுபத்தொண்ணாவது நம்பருக்குப் பதில். கடைசியில கேட்டுட்டாங்க பாத்தீங்களா!"

வாங்கிப் படித்தேன். 'காலை நேர இரைச்சல் குறித்த தங்கள் கோரிக்கையின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, இவ்விவகாரம் முடித்து வைக்கப்பட்டது.' இந்த மாதிரிக் கடிதம் எல்லோருக்கும் போகும். எனக்கே கழிப்பறை பழுது பற்றி ஒன்று வந்திருக்கிறது, கழிப்பறை இன்னும் பழுதுதான். நான்தான் சொருகினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். லைசென்ஸ் ஞாபகம் வந்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையும் ஒரு காரணம். பத்தொன்பது வருடம் எழுதிய மனுஷன், ஒரு தடவையாவது ஜெயிக்கட்டுமே.

"நல்ல வேளை" என்று மட்டும் சொல்லி கேக்கைச் சாப்பிட்டேன்.

புதன்கிழமையும் அப்படியே செய்தேன். அன்று மாடியில் விளக்கு எரியவில்லை. நாலு முப்பத்தெட்டு, நாலு நாற்பது, ஐந்து மணி. இருட்டாகவே இருந்தது. அப்பாடா, இருவரும் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை உருட்டி இறங்கினேன்.

ஏழு இருபத்து நாலுக்கு மறுபடி மேலே வந்தேன். சரிவில் ஏறும்போது இன்ஜின் முழு பலத்தில் கத்தும், அதை ஒன்றும் செய்ய முடியாது. வண்டி நின்றதும் மாடி விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம் இருக்கும், ஹெர் லெனார்ட்ஸ் ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு ஓடி வந்தார். மாடியைக் காட்டினார். நான்தான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன்.

மேலே போனபோது ஹெட்விக் கட்டிலில் சுவரோரமாக ஒட்டிக் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சுக்கு அவள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. கண்கள் மட்டும் விழித்திருந்தன. அவள் கை மோதிரத்தின் பக்கத்தில் சுவர்க் காகிதம் சின்னச் சின்னதாகக் கிழிந்திருந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த கணவரைக் கூப்பிட அவளுக்குக் குரல் இல்லை. ஐந்து மணியிலிருந்து சுவரைத் தட்டியிருக்கிறாள்.

"நாலு மணிக்கொரு தடவ சொட்டு மருந்து" என்றார் அவர், என்னிடம் அல்ல, யாரிடமோ. "ஒரு மணிக்குக் குடுத்துட்டுப் படுப்பேன். அடுத்தது அஞ்சு மணிக்கு. அலாரம் வச்சதே இல்ல. எதுக்கு வைக்கணும்? அதுதான் எழுப்பிடுமே. தெனமும் அதுதான் எழுப்பிடுமே."

அந்த ஜன்னல் விளக்கைக் குற்றச்சாட்டு என்று பதினோரு வருடம் நான் நினைத்திருந்தேன். முன்பு எப்படியோ, இந்த ஒன்றரை மாதமாக அது மருந்துப் புட்டியைத் தேடும் விளக்கு.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டில் திரும்பும்போது அவள் கணவரைப் பார்த்தாள். சத்தியம் ஞாபகம் இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்து நின்றார். நான் கேபிளை அன்றைக்கே கழற்றினேன். பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனாள். கட்டிலைச் சுற்றி இருந்த மெஷின்கள் ராப்பகலாகக் கீச்சிட்டுக்கொண்டே இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை அடக்கம். பிறகு விடுதியில் காப்பியும் சர்க்கரைத் தூள் போட்ட கேக்கும் கொடுத்தார்கள். எல்லோரும் கிளம்பின பிறகு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். உள்ளே வைத்திருக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சீல், கேபிள், உருட்டினது, உடோ பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"உங்களுக்கு நல்ல மனசு, ஃப்ராவ் தேலன். என் பாரத்த எடுத்து உங்க தலையில வச்சுக்கப் பாக்குறீங்க."

"இல்ல ஹெர் லெனார்ட்ஸ், உண்மையாவே நான்தான்."

"ஆபீஸ் கடிதம் இருக்கே." கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பு நைந்து போயிருந்தது. "நடவடிக்கை எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு, கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. நான்தான் கேட்டேன். அறுபத்தொரு தடவ கேட்டேன். குடுத்துட்டாங்க."

"அது எல்லாருக்கும் அனுப்பற கடிதம்ங்க! அதுல ஒண்ணும் கெடையாது!"

"அப்ப நீங்க செஞ்சதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா?"

பிடிவாதத்துக்குக் கேட்கவில்லை. இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டார். அவர் கண் அப்படிக் கேட்டது. என்னிடம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். என் மேலதிகாரி ஃப்ராவ் ஹுஸ்கன் கதவைச் சாத்திவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள். வண்டியின் பதிவுப் பெட்டியில் எல்லாம் இருக்கும், இன்ஜின் அணைந்த நிலையில் உருண்டது, நேரம், வேகம், எல்லாம். அதை அச்செடுத்து, இது ஓட்டுநர் செய்த தப்பு என்று ஒரு வரி எழுதி, ஹெர் லெனார்ட்ஸுக்கு அனுப்புங்கள் என்றேன். லைசென்ஸைப் பிடுங்கினாலும் பரவாயில்லை என்றேன்.

"எட்டு நாள்தான் இருக்கும், மரிதா. அதுக்கு மேல அதுவே அழிச்சுட்டு எழுதிக்கும்."

"அப்ப நான் சொல்றத வச்சு எழுதுங்க."

"எத வச்சு? அந்தப் பொட்டிய இன்னும் யாரும் ஒப்புதலே பண்ணல. ஒப்புதல் இல்லாத பொட்டியில கரண்ட் வந்துச்சுன்னு நான் எழுத முடியுமா? ஃபைலும் முடிச்சாச்சு." குரலைத் தாழ்த்தினாள். "நீ வாயால சொன்னத நான் கேக்கவே இல்ல. வீட்டுக்குப் போ."

கத்தினேன். மேஜையைத் தட்டினேன். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்?

பேட்டரி ரயில் அடுத்த டிசம்பரில் வருகிறதாம். அதுவரை பழைய நேரம்தான். மறுநாள் காலை நாலு முப்பத்தெட்டுக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்து பொத்தானில் விரலை வைத்தேன். போடாமல் இருக்கவும் முடியாது, போடவும் கை வரவில்லை. அமுக்கினேன். இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது.

இரண்டாவது நிமிடம் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவருடைய நிழல் எழுந்து, ஹெட்விக்கின் கட்டில் இருந்த பக்கம் நாலடி நடந்து, அங்கேயே நின்றுவிட்டது. நான் கதவை மூடி வண்டியை எடுக்கும்வரை அது அசையவில்லை.